ஐந்தாவது கிணறு

அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் ப்யூரெட் என்ற அளவுக் குழாயைத் தொடுவார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. செய்முறை வகுப்பில் விடை முன்னாலேயே தெரியும். அளவு தப்பி வந்தால் அழித்துவிட்டு, விடைக்குப் பொருந்துகிற எண்ணை எழுதிவிடுவார்கள். மார்க் வந்துவிடும்.

பேராசிரியர் நல்லதம்பிக்கு இது தெரியும். அதனால்தான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு எப்சிபாவுக்கு, விடை யாருக்குமே தெரியாத ஒரு கேள்வியைக் கொடுத்தார். பக்கத்துக் கிராமத்தின் ஐந்து கிணறுகளிலும் நைட்ரேட் எவ்வளவு இருக்கிறது?

நைட்ரேட் மிகுந்த தண்ணீர் பெரியவர்களுக்கு உடனே கெடுதல் காட்டாது. கைக்குழந்தைக்கு அப்படியில்லை. உடம்பு நீலம் பாரித்து, மூச்சுக்குத் தவிக்கும்.

எப்சிபா ஆய்வறிக்கை கொடுத்தாள். அந்த ஊர்ப் போதகர் அதை ஆராதனை முடிவில் வாசித்தார். ஐந்து கிணறும் நல்ல தண்ணீர் என்று கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அவள் ஆய்வகத்துக்கு ஓடிவந்தாள். பேராசிரியர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரே ஒரு எண்ணை மாத்தினா தப்பா?"

"எந்தக் கிணறு?"

அவர் இப்படிக் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை.

"அஞ்சாவது. நாலும் ஒரே மாதிரி வந்துச்சு, அது மட்டும் எங்கேயோ மேல போச்சு. என் கைதான் தப்புன்னு நினைச்சேன். மத்த நாலுக்குப் பக்கத்துல எழுதிட்டேன்."

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். அவள் கிணற்றையும் அப்படி ஒத்து வாழ வைத்துவிட்டாள்.

"நிஜமா வந்த எண் எவ்வளவு?"

"அழிச்சிட்டேன் சார். ஞாபகம் இல்ல."

"தண்ணி மிச்சம் இருக்கா?"

"கொட்டிட்டேன்."

பேராசிரியர் குழாயை மூடினார்.

"இன்னைக்கு ஏன் ஓடிவந்தே?"

"அந்த ஊர்க் கோயிலுக்குப் போனேன் சார். அஞ்சாவது கிணத்து வீட்டு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இத்தனை நாள் ரோட்டுக் குழாய்க்கு நடந்தாங்களாம். இப்ப பாப்பாவுக்குப் பால் பவுடர் கலக்குறதே அந்தக் கிணத்துத் தண்ணியிலதானாம். உன்னாலதான் தங்கச்சி, நிம்மதின்னு சொன்னாங்க."

"பாப்பா எப்படி இருந்தது?"

"தூங்கிச்சு. உதடு கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்துச்சு சார். நிழலா இருக்கலாம். என் பயமா இருக்கலாம். எனக்குத் தெரியல."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"வாய் வரல. ஓடி வந்துட்டேன்."

அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். "ஜெபம் பண்ணிட்டுத்தான் ஆரம்பிச்சேன் சார். இப்பவும் ஒரு ஜெபம் பண்ணலாமா?"

"வண்டியில போகும்போது பண்ணலாம். பாப்பா அடுத்த பாலுக்கு அழுறதுக்குள்ள போன் பண்ணு. அந்தத் தண்ணி வேண்டாம், கொதிக்க வெச்சாலும் நைட்ரேட் போகாதுன்னு சொல்லு. பாப்பாவை இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லு."

"கிணறு ஒருவேளை நல்லதா இருந்தா?"

"இருந்தா சந்தோஷம். அது உனக்குத் தெரியுமா?"

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

அவர் ஸ்கூட்டர் சாவியையும் கழுவிய பாட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டார். "நான் சரிபார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். ஊர் முன்னால நின்னு அதை நான் சொல்லிக்கிறேன். நீ பேசு."

அவள் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள். மணி அடிக்க அடிக்க, போனை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சொல்லிடுங்க சார். நான் சாதாரண பி.எஸ்சி. படிக்கிற பொண்ணு. நான் சொன்னா யார் நம்புவாங்க?"

அவர் கையை நீட்டவில்லை.

"போன வாரம் நீ சொன்னதைத்தானே நம்பினாங்க."