மணலில் ஓட்டிய ஓடம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் மழை பொய்த்தாலும் பொய்க்கும், அரசருக்குப் புது யோசனை மட்டும் பொய்க்கவே பொய்க்காது. அண்டை நாட்டு அரசர் தம் ஓடக்காரர்களைப் பற்றிப் பீற்றிக்கொண்டாராம். உடனே இவர், "நம் நாட்டிலும் சீமைக்குச் சீமை ஓடம் ஓட்டக் கற்றுக்கொடுங்கள்" என்று ஆணையிட்டுவிட்டார். அந்நாட்டின் வறண்ட மூலையான செம்மண் சீமையில் ஆறே கிடையாதே என்று சொல்லவேண்டிய அமைச்சர் வாகீசர், "ஆகட்டும் பிரபு" என்றார். அந்த வாய்க்கு வேறு வார்த்தை வராது.

ஆண்டு முடிந்ததும், "செம்மண் சீமையில் எல்லோரும் தேறிவிட்டார்கள். கழுத்துக்குக் கழுத்து செப்புப் பதக்கம்!" என்று சபையில் முழங்கினார். அரசர் விதூஷகன் நகைமுகனைப் பார்த்து, "நீ போய்ப் பயிற்சியை மதிப்பிட்டு வா" என்றார்.

நகைமுகனைக் கண்டாலே வாகீசருக்கு ஆகாது. "பிரபு, இவன் வாய் சும்மா இருக்காது. ஒரு குறை சொன்னாலும் நாடு கடத்திவிட வேண்டும்" என்றார். அரசரும் தலையாட்டித் தொலைத்தார். மதிப்பிடவும் வேண்டும், குறையும் சொல்லக்கூடாதாம்! இதற்குப் பேசாமல் அரண்மனைக் கிளியை அனுப்பியிருக்கலாம். நகைமுகன் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினான்.

அங்கே பொட்டல் மணலில் ஓடங்கள் கிடந்தன. ஆட்கள் அவற்றில் உட்கார்ந்து துடுப்பால் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உச்சிமணி அடித்ததும் துடுப்பைத் தோளில் போட்டு, ஓடத்தைவிட்டு இறங்கிச் சோற்றுக்கு நடந்தார்கள்.

"இதென்னய்யா கூத்து?" என்றான் நகைமுகன்.

வேடியப்பன் என்பவன் பொரிந்து தள்ளினான். "நாங்க கெணறு வெட்டுற சனம் சாமி. பாறை ஒடைக்கச் சொல்லிக் குடுங்கன்னு கெஞ்சுனோம், துடுப்பக் குடுத்துட்டாங்க. குடிக்கத் தண்ணியில்ல, ஓடம் ஒண்ணுதான் கேடு! பதக்கம் மாட்டியும் வீட்டுக்கு விடமாட்டேங்கிறாங்க."

 நகைமுகன் வேடியப்பனையும் கூட்டாளிகளையும் அரண்மனைக்கு அழைத்து வந்தான்.

"பிரபு, குறை சொல்ல நான் யார்? அமைச்சர் தேற்றிய ஆட்களே அவரைத் தாமரைக்குளத்தில் ஊர்வலம் விடட்டும்" என்றான். புகழ்ச்சி என்றால் வாகீசர் விடுவாரா? பட்டுச் சால்வையோடு ஏறி உட்கார்ந்தார்.

ஓடம் திக்கித் திணறி நடுக்குளம் சேர்ந்தபோது உச்சிமணி அடித்தது. அவ்வளவுதான்! துடுப்பைத் தோளில் போட்டார்கள். தொபீர் தொபீரென்று இறங்கினார்கள். மார்பளவு நீரில் நடந்து கரையேறி, சோறு எங்கே என்று பார்த்தார்கள்.

அரசருக்கு முகம் சிவந்தது. "என்ன இது, நகைமுகா?"

"மதிப்பீடு, பிரபு. நான் குறையே சொல்லவில்லை."

நடுக்குளத்தில் வாகீசர் ஓடத்தில் தனியே தத்தளித்தார். பட்டு நனையுமே என்று இறங்கவும் மனமில்லை. "ஐயோ, எனக்கு ஓடம் ஓட்டத் தெரியாதே!" என்று அலறினார்.

வேடியப்பன் தன் பதக்கத்தைக் கழற்றி ஓடத்துக்குள் வீசினான். "மாட்டிக்குங்க சாமி, வந்துரும்!"

அரசர் மகுடம் கழன்று விழும்படி சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி நகைமுகனுக்கு அணிவித்து, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"இவர்களை ஊருக்கு விடுங்கள், பிரபு. இனி எதைக் கற்றுக்கொடுப்பதானாலும், கற்கப்போகிறவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்."

அன்றே கடப்பாரையும் சம்மட்டியும் ஏற்றிய வண்டிகள் செம்மண் சீமைக்குப் புறப்பட்டன. அந்தச் சந்தடியில், அமைச்சர் கரையேறினாரா என்று கேட்க ஒருவருக்கும் நினைவில்லை.