இரண்டாவது விரல்

பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை என்று பெரும்பாலோர் நம்புகிறார்கள். இது வருந்தத்தக்க பிழை. இதைத் திருத்தாமல் கதைக்குள் போவது முறையாகாது. கணினியின் கட்டளை வரியில் ஓடும் சிறு நிரல் ஒவ்வொன்றும் வேலை முடிந்து வெளியேறும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். அந்த எண் பூஜ்ஜியம் என்றால், போன காரியம் கைகூடியது என்று பொருள். மற்ற எண்கள் எல்லாம் கைகூடாததன் கணக்கு.

ஆற்றங்கரையில் ஒரு மடம் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவதைத் தவிர அங்கே வேறு வழிபாடு கிடையாது. சுட்டெலிக்கு அனுமதியில்லை. மற்ற எலிகள் தாராளமாக இருந்தன.

குரு மங்கையர்க்கரசிக்கு முப்பது வயதுதான். சீடர் தெய்வசிகாமணி ஓய்வுபெற்ற பொறியாளர். குருவைவிட இருமடங்கு வயது, மும்மடங்கு தன்னம்பிக்கை.

மடத்தை ஒட்டி ஓர் அணைக்கட்டு. அதன் மதகைத் திறந்தால் கீழே இருக்கும் படித்துறைமேல் தண்ணீர் பாயும். படித்துறையில் ஆள் இருக்கிறதா என்று கேமரா வழியே பார்த்துச் சொல்ல, தெய்வசிகாமணி ஒரு நிரல் எழுதியிருந்தார். ஆள் இருந்தால் பூஜ்ஜியம், இல்லாவிட்டால் ஒன்று. ஒன்று வந்தால் மட்டும் மதகு தானாகத் திறக்கும். மறுநாள் காலை அதன் முதல் ஓட்டம்.

குரு நிரலைப் படித்தார்.

"கேமரா ஓடலைன்னா என்ன வரும், சார்?"

"ஒன்று வரும், அம்மா."

"ஆள் இல்லைன்னாலும் ஒன்றுதானே?"

"ஆமா. கேமரா ஓடலைன்னா ஆள் தெரியாது. ஆள் தெரியலைன்னா ஒன்று. இதுல என்ன குழப்பம்?"

"ரெண்டையும் பிரிச்சுச் சொல்லலாமே?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து மதகுதான் பார்த்தேன், அம்மா. திற, மூடு. மூணாவதா ஒண்ணு நான் கேள்விப்பட்டதே இல்லை."

குரு அலமாரியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

"நெல் கிடங்குல எலித் தொல்லை. விஷப்புகை போடப் போறேன். உள்ளே யாராவது இருக்காங்களான்னு பார்த்துட்டு வாங்க."

சாப்பாட்டுக்குப் பின் கிடங்கின் குளிர்ச்சியில் யாராவது படுத்துத் தூங்குவது மடத்தின் வழக்கம். அது தெய்வசிகாமணிக்கும் தெரியும். அவரும் தூங்கியிருக்கிறார்.

"வந்து வாயைத் திறக்கக் கூடாது. நிரல் பேசுமா? ஆள் இருந்தா மூடின கை. இல்லைன்னா ஒரு விரல். அவ்வளவுதான்."

"சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மழையில் ஊறிக் கிடங்கின் கதவு உப்பியிருந்தது. தோளால் இடித்தும் அசையவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தூங்குகிறவன் பதில் சொல்வானா? சன்னலும் உள்ளே தாழிட்டிருந்தது.

திரும்பி வந்தபோது குரு தீக்குச்சியும் கையுமாக நின்றார்.

"சொல்லுங்க, சார்."

தெய்வசிகாமணி மூடிய கையைத் தூக்கினார். ஒரு விரல் பாதி எழுந்தது. மடங்கியது. மறுபடி எழுந்தது.

"ஒண்ணா?"

குரு குச்சியை உரசினார்.

அவசரமாக இரண்டாவது விரலும் எழுந்தது.

"ரெண்டு விரலா? நாம அப்படிப் பேசிக்கலையே."

"கதவு திறக்கலை, அம்மா! நான் உள்ளே பார்க்கவே இல்லை! அதைப் போட்டுடாதீங்க!"

குரு குச்சியை ஊதி அணைத்தார்.

"ஒரு விரல் காட்டியிருந்தா போட்டிருப்பேன், சார்."

தெய்வசிகாமணி நேராகப் போய்த் திரையின் முன் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கேமராவின் வயரை அணில் கடித்திருந்தது. நிரல் இரண்டு என்ற எண்ணை விட்டுச்சென்றது. மதகு திறக்கவில்லை. மதகுக் காவலர் சுடலைமுத்து, "நல்லா எழுதினாங்க நிரலு" என்று முணுமுணுத்தபடி படித்துறைக்கு நடந்தார். அங்கே மூன்று பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் பிழிந்து முடித்துக் கரையேறும்வரை நின்றுவிட்டு, மதகைக் கையால் திறந்தார். அன்று வயல்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது.