கண் ஆஸ்பத்திரிக்கு ஓர் இணையதளம்

கரூரில் பிலோமினாவிடம் இணையதள வடிவமைப்பு பழகியவர்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள். அவர் யாரையும் திட்டியதில்லை. ஆனால் அவரைத் தாண்டி ஒரு தப்பும் வெளியே போனதில்லை. அப்படி ஒரு பொறுமை, அப்படி ஒரு கூர்மை.

அவரிடம் பழக வந்த சென்னியப்பன் அவரைவிட வயதில் மூத்தவர். நெடுங்காலம் ஃபிளெக்ஸ் பேனர் கடை நடத்தியவர். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று பாதி ஊரை மறைத்தவர். வந்த புதிதில் ஆபீஸில் யாரோ, "அண்ணன் எதத் தொட்டாலும் பேனராத்தான் வரும்" என்று சிரித்துவிட்டார்கள். அது அவர் மனதில் தைத்துவிட்டது.

முதன்முதலாகத் தனியாகச் செய்யக் கிடைத்தது, ஒரு புதிய கண் ஆஸ்பத்திரியின் இணையதளம். பக்கத்தை முடித்துவிட்டார்; மறுநாள் காலை திறப்பு விழா. இது தேறினால் இனி அவர் பெயரிலேயே வேலை வரும். தேறாவிட்டால் பேனர் கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

சாயங்காலம் பிலோமினா பார்த்தார். பளிச்சென்ற வெள்ளை. அதில் வெளிர் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. ஒரு மூலையில், இருக்கிறதா இல்லையா என்று 'முன்பதிவு' பொத்தான்.

"அழகா இருக்குதுங்கண்ணா." மனதாரத்தான் சொன்னார். "இவ்வளவு அடக்கமா எனக்கே வராது."

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. "பேனர் வாடை அடிக்கலீங்களே மேடம்?"

"துளி கூட இல்லீங்க."

"அப்ப நெட்டுல ஏத்திரலாங்களா?"

"ஏத்திரலாம். உங்க கண்ணாடியக் கழட்டிக் குடுங்க."

கொடுத்தார். பிலோமினா அப்போதுதான் வாழைக்காய் பஜ்ஜி தின்று முடித்திருந்தார். கை கழுவவில்லை. எண்ணெய் படிந்த கட்டைவிரலால் இரண்டு பக்கமும் நிதானமாகத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"போட்டுக்குங்க. இப்ப உங்க பேருல ஒரு முன்பதிவு பண்ணுங்க."

சென்னியப்பன் போட்டுக்கொண்டு திரையை நோக்கிக் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு முட்டியது. மவுஸ் அம்பு பக்கம் முழுக்க அலைந்தது. முன்பதிவு மட்டும் அகப்படவில்லை.

"எங்கீங்க வச்சேன் அதை?"

"நீங்கதானுங்கண்ணா வச்சீங்க."

கொஞ்ச நேரம் தேடிவிட்டு மவுஸைத் தள்ளிவைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது போங்காட்டமுங்க மேடம். பக்கத்துல ஒரு கொறையும் இல்லீங்க, கண்ணாடியிலதான் கொறை. ஒரு நிமிசம் பொறுங்க, தொடைச்சுட்டு டக்குனு பண்ணிக் காட்டறேன்."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியைப் பிடித்தார்.

"தொடைச்சுக்குங்கண்ணா," என்றார் பிலோமினா. "முன்பதிவு பண்ற நோயாளிங்களும் அந்த மங்கலைத் தொடைச்சுக்கத்தான் இந்த ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க."