தீவு மண் ஒட்டிய மாப்பிள்ளை

செவலூர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். கடலையே பார்த்திராத அந்த ஊர் இருளப்பனுக்குக் கடற்கரையில் பெண் எடுத்தார்கள். விடிந்தால் கல்யாணம். முதல் நாளே வந்துவிட்ட மாப்பிள்ளையும் கூட்டாளிகள் சோணையும் வெள்ளையனும் தீவைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள்.

மாமனார் வன்னிமுத்துவிடம் சொந்தப் படகு இருந்தது. கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஆளரவமே இல்லாத தீவு.

"நல்லா சுத்திப் பாருங்க மாப்ளே. ஆனா ஒரு பொட்டு மண்ணுகூடத் தீவைவிட்டு வெளிய போகக்கூடாது."

மூவரும் நண்டைத் துரத்தினார்கள். பிறகு நண்டு அவர்களைத் துரத்தியது. சாயங்காலம் மாமனார் படகைக் கரையோடு ஒட்டிப் பலகை போட்டார். ஏறப்போன சோணை அலறினான்.

"டேய், கால்ல மண்ணு!"

"தட்டிட்டு ஏறுடா."

"தட்டின காலை எங்கடா வைக்க? கீழயும் மண்ணுதானே?"

நியாயமான கேள்வி. வெள்ளையன் சோணையைத் தூக்கிக் கால் தட்டிப் பலகையில் விட்டான். வெள்ளையனை இருளப்பன் தூக்கிவிட்டான்.

"என்னை யாருடா தூக்குறது?"

"இரு மாப்ளே, இறங்கி வர்றோம்."

இறங்கினார்கள். தூக்கினார்கள். இப்போது இவர்கள் இருவர் காலிலும் மண். இப்படியே நாலு தடவை.

"பொழுது சாயுது! கடல்ல காலைக் கழுவிட்டு ஏறுங்கய்யா!" என்று கத்தினார் மாமனார்.

"கடல் தீவுக்கு வெளியதானே மாமா இருக்கு?"

வன்னிமுத்து தலையில் கைவைத்தார். "சரி, மண்ணோடயே ஏறுங்க. பொறவு பத்திரமா இங்கயே கொண்டாந்து சேர்த்துருவோம்."

வாக்குக் கிடைத்ததும் மூவரும் பாதத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறினார்கள்.

காலையில் மணமேடை. வழக்கப்படி மாப்பிள்ளை காலைக் கழுவச் செம்போடு குனிந்தார் வன்னிமுத்து. இருளப்பன் துண்டுக்கட்டோடு காலை இழுத்துக்கொண்டான்.

"தொடாதீங்க! தீவு மண்ணு. சேர்த்துருவோம்னீங்களே மாமா?"

கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். மாப்பிள்ளை அசையவில்லை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. கடைசியில் பெண் பூங்கனி மாலையோடு எழுந்தாள். "படகை எடுங்கப்பா. அங்கயே தாலி கட்டட்டும்."

ஒன்பது படகில் கல்யாணமே தீவுக்குப் போனது. மூவரும் துண்டை அவிழ்த்து, விரலிடுக்கு மண்ணைக்கூட விடாமல் உதறினார்கள். இருளப்பன் தாலி கட்டினான். குலவைச் சத்தத்தில் நண்டெல்லாம் வளைக்குள் ஓடின. ஊரில் பந்திச் சோறு ஆறிக்கொண்டிருக்கிறதே என்று சனம் படகை நோக்கி ஓடியது.

சோணை கையை விரித்து மறித்தான். "யாரும் ஏறாதீங்க! எல்லாரும் காலைப் பாருங்க!"

நூற்று நாற்பது பேரும் குனிந்து பார்த்தார்கள்.

முதலில் ஒரு காலைத் தூக்கித் தட்டியவர் வன்னிமுத்துதான். தட்டிய காலை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.