பழைய சொல் சொன்ன நரி

முன்னொரு காலத்திலே, ரோமாபுரிச் சக்கரவர்த்தி தும்மினால் பாதி உலகம் எழுந்து நின்று ‘நூறாயுசு’ என்று வாழ்த்திய காலத்திலே, ஒரு பெரிய பாலைவனத்தின் நட்டநடுவே ஒரு கோட்டை இருந்தது. நம் பக்கத்துக் கரையில் கப்பலேறிய மிளகு மூட்டைகள் அந்தப் பாலைவனத்தைத் தாண்டித்தான் ரோமாபுரிச் சமையலறைக்குப் போயாக வேண்டும். வழியில் தண்ணீர் என்று இருந்தது ஒரே ஒரு கிணறு. அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் கோட்டையைக் கட்டியிருந்தார்கள்.

கோட்டை என்றதும் கொத்தளமும் கொலுமண்டபமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு பக்கமும் கல்சுவர், ஒரே ஒரு வாசல், உள்ளே வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், மூலையில் ஒரு வெந்நீர்க் குளியல் கூடம், அவ்வளவுதான். விடிந்ததும் கொம்பு ஊதும். வீரர்கள் எழுந்து அவரவர் கோதுமையை அவரவர் திரிகையில் அரைக்க வேண்டும், அவரவர் ரொட்டியை அவரவர் சுட வேண்டும். பிறகு வாள் பயிற்சி, சுவர்க்காவல், செருப்புக்கு ஆணி அடிப்பது. ஒருவன் மட்டும் முறைபோட்டுக் கழுதையில் தண்ணீர்த் தோல்பைகளை ஏற்றிக்கொண்டு தூரத்து மலைமேல் இருக்கும் காவல் மேடைக்குப் போய்வர வேண்டும். சாயங்காலம் குளியல். பொழுது சாயும்போது வாசல் அடைக்கப்படும்.

வாசலுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொரு நாளும் தலைவன் பிரிஸ்கஸ் புதிதாக ஒரு அடையாளச் சொல் சொல்வான். அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்கும். தவறான சொல்லுக்குக் கதவைத் திறந்த காவலாளியை அவனுடைய தோழர்களே தடியால் அடித்துக் கொல்ல வேண்டும். சக்கரவர்த்தியின் மகனே வந்து நின்றாலும் சட்டம் சட்டம்தான்.

அந்த வாசலைக் காத்தவன் பெயர் துரோ. வாசல் காப்பதற்கென்றே பிறந்தவன். அவனுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. மழை பெய்தாலும் “இதில் ஏதோ இருக்கிறது” என்பான், மழை நின்றாலும் “இதில் ஏதோ இருக்கிறது” என்பான். ஒருமுறை கோவேறு கழுதையைப் பகைவரின் ஒற்றன் என்று சொல்லி மூன்று நாள் கட்டிவைத்தான். அவனுடைய அறைத்தோழன் வித்தாலிஸ்தான் அதற்குத் திருட்டுத்தனமாகத் தீனி போட்டுக் காப்பாற்றினான். “நீயும் அதற்குக் கூட்டா?” என்று துரோ அவனோடும் பேச்சை நிறுத்திவிட்டான்.

இப்படி இருக்கையில் ஒருநாள், செராப்பியோன் என்றொரு எண்ணெய் வியாபாரி வந்து சேர்ந்தான். மெழுகுபோல வழவழத்த முகம். தேன்போல இழுத்து இழுத்துப் பேச்சு.

“வீரர்களே, வெயிலில் காய்கிறீர்கள், மணலில் புரளுகிறீர்கள். என் எண்ணெயைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நானே உங்கள் முதுகைச் சுரண்டிவிடுகிறேன். காசு வேண்டாம்.”

அந்தக் காலத்துக் குளியல் அப்படித்தான். உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, வளைந்த வெண்கலச் சுரண்டியால் எண்ணெயையும் அழுக்கையும் வழித்தெடுப்பார்கள். தன் முதுகு தனக்கு எட்டுமா? வீரர்கள் வரிசைகட்டி நின்றார்கள். செராப்பியோன் வழித்தான். வழித்த அழுக்கைக் கீழே எறியாமல் ஆளுக்கொரு சின்ன ஜாடியில் போட்டு மூடினான்.

“அது எதற்கு?” என்று துரோ கேட்டான்.

“வீரன் உடம்பு வியர்வை ஐயா. மூட்டுவலிக்கு மருந்து. ஊரில் பெரிய மனிதர்கள் கேட்டு வாங்குவார்கள். உங்கள் முதுகையும் காட்டுங்களேன்.”

“மருந்து என்றால் எல்லாரையும் ஒரே ஜாடியில் போட வேண்டியதுதானே?”

செராப்பியோன் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளின் முதுகுக்குத் திரும்பினான். துரோவும் முதுகைக் காட்டவில்லை. ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த நாள் மலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் முறை வித்தாலிஸுடையது. திரும்ப இருட்டிவிடும் என்பதால் அன்றைய சொல்லைத் துரோதான் அவன் காதில் சொல்லி அனுப்பினான். “ஈச்சம்பழம்.” பேச்சே இல்லாதவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லாவது வந்ததே என்று வித்தாலிஸ் சிரித்துக்கொண்டே போனான். எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே திரும்பி வந்தான். “ஈச்சம்பழம்” என்றான். கதவு திறந்தது.

மறுநாள் காலை துரோ திடுக்கிட்டான். வித்தாலிஸ் திரிகையில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தான். அதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? அவன் முணுமுணுக்கவில்லை. கோதுமையில் கல் என்று திட்டவில்லை, கை வலிக்கிறது என்று புலம்பவில்லை, தன்னைப் படையில் சேர்த்த மாமாவைச் சபிக்கவில்லை. சிப்பாயாகப் பிறந்தவன் எவனாவது முணுமுணுக்காமல் கோதுமை அரைப்பானா?

துரோ தலைவனிடம் போனான். “தலைவரே, வித்தாலிஸ் முணுமுணுக்கவில்லை. இதில் ஏதோ இருக்கிறது.”

பிரிஸ்கஸ் கைத்தடியைத் தொடையில் தட்டிச் சிரித்தான். “அவனைப்போல நூறு பேரைக் கொடு, உலகத்தையே பிடித்துக் காட்டுகிறேன்.”

அடுத்து நெப்போஸ் மலைக்குப் போனான். அன்றைய சொல் ‘ஆமை’. அவன் குறட்டை கிணற்றுத் தண்ணீரையே அதிரவைக்கும். திரும்பி வந்தபின் குறட்டை இல்லை. துரோ மறுபடி போனான். “தலைவரே, நெப்போஸ் குறட்டை விடவில்லை.” “அவனைப்போல நூறு பேரைக் கொடு” என்றான் பிரிஸ்கஸ்.

அதற்கடுத்து காஸ்தோர் போனான். அன்றைய சொல் ‘தேன்கூடு’. தாய் மடியில் இருக்கும்போதே தாயக்கட்டையில் ஏமாற்றியவன் அவன். திரும்பி வந்தபின் ஏமாற்றாமல் ஆடித் தோற்றான். துரோ மூன்றாம் முறை போனான். பிரிஸ்கஸுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. “துரோ, போன வருஷம் ஒரு கழுதை. இந்த வருஷம் மூன்று நல்ல வீரர்கள். இன்னொரு முறை இப்படி வந்தால் உன் முதுகுத்தோல் உனக்கு இருக்காது.”

ஆனால் துரோ ஒன்றைக் கவனித்து வைத்திருந்தான். குளியல் கூடத்தில் அந்த மூவருக்கும் ஒரு பொட்டு வியர்வை வரவில்லை. செராப்பியோனும் அவர்கள் முதுகைத் தொடவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம். வாசலுக்கு வெளியே ஒரு நரி வந்து உட்கார்ந்தது. காதை மடக்கிக்கொண்டு துரோவையே பார்த்தது. பிறகு வாயைத் திறந்து, மனிதக் குரலில், “ஈச்சம்பழம்” என்றது.

துரோவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘சூனியம்’ என்று ஒரு கல்லை எடுத்து வீசினான். படவில்லை. இன்னொரு கல் வீசினான். நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. நரி ஓடவில்லை. “ஈச்சம்பழம்” என்றது மறுபடியும், கெஞ்சுகிற குரலில்.

அடுத்த நாள் இரண்டு நரிகள் வந்தன. “ஈச்சம்பழம்” என்றது ஒன்று. “ஆமை” என்றது மற்றது. அதற்கடுத்த நாள் மூன்று. “ஈச்சம்பழம்”, “ஆமை”, “தேன்கூடு.”

 அந்தச் சொற்களை அந்தந்த நாளில் அந்தந்த ஆளின் காதில் சொன்னவன் துரோதான். ‘அப்படியானால் வெளியே இருப்பவர்கள்தான்...’ என்று ஒரு மனம் சொன்னது. ‘ஒட்டுக்கேட்ட எவனாவது நரிக்குப் பழக்கியிருந்தால்?’ என்று இன்னொரு மனம் கேட்டது. உள்ளே சரியான சொல்லோடு வந்த மூவரையும் நம்ப முடியவில்லை. வெளியே பழைய சொல்லோடு நின்ற மூன்றையும் நம்ப முடியவில்லை. சந்தேகத்தையே சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு முதன்முதலாக அது தொண்டையில் சிக்கியது.

மறுநாள் நண்பகல். செராப்பியோன் தலைவனோடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். துரோ மெல்லக் குளியல் கூடத்துக்குப் பின்னால் போனான். அங்கே வெயிலில் பொம்மைகள் காய்ந்துகொண்டிருந்தன. மணலும் எண்ணெயழுக்கும் பிசைந்து செய்த, கையளவு மனிதப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம். கொம்பு ஊதுகிறவன் முகம், சமையல் கிடங்குக்காரன் முகம். எல்லாவற்றுக்கும் நடுவில், பாதி காய்ந்தபடி, தலைவன் பிரிஸ்கஸின் முகம்.

துரோ ஒரு பொம்மையை எடுத்துக் கல்லில் ஓங்கி அடித்தான். கல்தான் உடைந்தது.

“அது உடையாது” என்று பின்னாலிருந்து ஒரு குரல். செராப்பியோன் நின்றுகொண்டிருந்தான். இப்போது பேச்சில் தேன் இல்லை. “காய்ந்ததும் சுவருக்கு வெளியே எறிவேன், ஆள் உயரத்துக்கு எழுந்து நடந்து வாசலுக்கு வரும். அதற்குரிய மனிதன் கோட்டைக்கு வெளியே கால் வைத்ததும் நரியாவான். நாளைக்கு உன் தலைவனை மலையைப் பார்வையிடக் கூப்பிட்டிருக்கிறேன். பிறகு கோட்டை என்னுடையது. தண்ணீர் யாருடையதோ, பாதையும் அவனுடையது.”

“இப்போதே போய்ச் சொல்லப் போகிறேன்.”

“சொல். கழுதையை ஒற்றன் என்ற வாயால் சொல்.” செராப்பியோன் நிதானமாகப் பொம்மையை வாங்கி மறுபடி வெயிலில் வைத்தான். “அந்த நரிகள் மனிதராக வேண்டுமென்றால் மறுபடி இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும். அவர்களுடைய எல்லாச் சொல்லையும் நான் பிடுங்கிப் பொம்மைகளுக்குக் கொடுத்துவிட்டேன். வாயில் கடைசியாக வைத்திருந்த ஒரே ஒரு சொல்தான் அவர்களிடமும் ஒட்டிக்கொண்டது. அதுவும் பழசாகிவிட்டது. பழைய சொல்லுக்கு உங்கள் வாசல் திறக்குமா? உங்கள் சட்டம்தான் அப்பா எனக்குக் காவல்.”

துரோ ஓடினான். ஆனால் செராப்பியோனின் நாக்கு அவன் காலைவிட வேகம். துரோ தன் ஜாடிகளைத் திருட வந்ததாக ஆள்விட்டுச் சொல்லியாயிற்று. நரிகள் கோட்டைக்கு அபசகுனம், அவற்றைக் கொல்ல வேண்டும் என்றும் சொல்லியாயிற்று.

“வில்லை எடு” என்றான் பிரிஸ்கஸ், துரோவை வாய் திறக்கவே விடாமல். “சாயங்காலம் அந்த மூன்றையும் நீயே எய்து வீழ்த்து. நான் நின்று பார்க்கிறேன். குறி தவறினால் அடுத்த குறி நீ.”

சாயங்காலம் வந்தது. அன்றைய சொல் ‘விளக்கு’. பிரிஸ்கஸ் சுவர்மேல் நின்றான், செராப்பியோன் அவனருகில். துரோவுக்குப் பின்னால் வித்தாலிஸ், நெப்போஸ், காஸ்தோர் மூவரும் தடியோடு அசையாமல் நின்றார்கள். கதவில் இருந்த சின்னச் சாளரத்தின் வழியே துரோ பார்த்தான். மூன்று நரிகளும் வந்து உட்கார்ந்தன.

“ஈச்சம்பழம்.” “ஆமை.” “தேன்கூடு.”

“எய்” என்றான் தலைவன்.

துரோ நாணை இழுத்தான். முன்னால் இருந்த நரியின் நெற்றியில், அவன் கல் பட்ட இடத்தில், ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கல்லடி பட்ட மிருகம் கல்லெறிந்தவனிடமே தினம் தினம் வருமா? பசித்த மிருகம் வராது. பழக்கிய மிருகமும் வராது. ஒருவேளை இதுவும் செராப்பியோனின் தந்திரமாக இருந்தால்? கதவைத் திறக்கவைத்து என்னைக் கொல்லத்தான் அத்தனையும் சொன்னானோ? யோசிக்க யோசிக்க ஒரு சந்தேகத்துக்குள் இன்னொரு சந்தேகம் இருந்தது, அதற்குள் இன்னொன்று. அடியைக் காணவே முடியவில்லை. எத்தனை யோசித்தாலும் உறுதியாகத் தெரியப்போவதில்லை என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

வில்லைக் கீழே வைத்தான். குறுக்குக்கட்டையைத் தூக்கினான்.

“துரோ, திறக்காதே” என்று தலைவன் கத்தினான். “பிடியுங்கள் அவனை” என்று செராப்பியோன் கத்தினான். பின்னாலிருந்த மூவரின் கைகளும் அவன் தோளைப் பற்றின. கல்போலக் கனத்தன. முட்டி மடங்க மடங்கத் துரோ கதவை இழுத்துத் திறந்தான்.

“உள்ளே வாங்கடா” என்றான்.

முதல் நரி வாசற்கல்லைத் தாண்டியது. வித்தாலிஸ் மண்ணில் விழுந்தான், உடம்பெல்லாம் முள் கீறலோடு. இரண்டாவது தாண்டியது, நெப்போஸ். மூன்றாவது தாண்டியது, காஸ்தோர். துரோவின் தோளைப் பற்றியிருந்த பிடி தளர்ந்தது. பின்னால் நின்ற மூன்று உருவங்களும் பொலபொலவென்று சரிந்து மணல் குவியலாயின. குளியல் கூடத்தில் ஜாடிகள் படபடவென்று வெடித்தன.

செராப்பியோன் சுவரிலிருந்து இறங்கி, திறந்த வாசல் வழியே வெளியே பாய்ந்தான். பாய்ந்தபோது மனிதனாக இருந்தான். தரையில் கால் பட்டபோது, அவன் வைத்த சூனியம் அவன்மேலேயே திரும்பி, நரியாக இருந்தான். திரும்பி வாசலைப் பார்த்து வாயைத் திறந்தான். சொல்ல அவனிடம் ஒரு சொல்லும் இல்லை. ஊளையிட்டுக்கொண்டே மணல்மேட்டுக்கு அப்பால் போய் மறைந்தான்.

பிரிஸ்கஸ் கீழே இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது. மணல் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தான். பிறகு துரோவைப் பார்த்தான். 

“நீ கோட்டையைக் காப்பாற்றினாய்” என்றான் கடைசியில். “ஆனால் தவறான சொல்லுக்குக் கதவைத் திறந்தாய். எல்லாரும் கேட்டோம். சட்டத்தை நான் எழுதவில்லை, துரோ.”

வீரர்கள் தலைகுனிந்து நின்றார்கள். யாரும் தடியை எடுக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவும் துணியவில்லை. துரோ தன் இடுப்புக்கச்சையைக் கழற்றித் தரையில் வைத்தான்.

யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு வித்தாலிஸ் எழுந்து நின்றான். குரல் இன்னும் கரகரத்தது.

“தவறான சொல் இல்லை, தலைவரே. நான் வெளியே போன அன்றைக்குக் கோட்டை எனக்குக் கொடுத்த சொல் அது. அதைத்தான் திருப்பிச் சொன்னேன். சொல் சரிதான். நான் வந்துசேரத்தான் தாமதமாகிவிட்டது.”

“எனக்கும் தாமதம்தான்” என்றான் நெப்போஸ். “நானும்தான்” என்றான் காஸ்தோர்.

பிரிஸ்கஸ் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ரத்தம் ஏறியது. “அப்படியானால் குற்றம் வாசல்காரனுடையது இல்லை, தாமதமாக வந்தவர்களுடையது. தாமதத்துக்கு என்ன தண்டனை?”

“கோதுமை கிடையாது, வாற்கோதுமைதான்” என்று வீரர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

“ஒரு மாதம்” என்றான் பிரிஸ்கஸ். சொல்லிவிட்டு, குனிந்து அந்தக் கச்சையை எடுத்து, தன் கையாலேயே துரோவின் இடுப்பில் கட்டிவிட்டான்.

மறுநாள் காலை அவர்கள் அறையில் எழுந்த புலம்பலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். வாற்கோதுமை குதிரைத் தீனி என்றான் ஒருவன், பல் போய்விடும் என்றான் ஒருவன். வித்தாலிஸ் எல்லாரையும்விட உரக்கத் திட்டிக்கொண்டே திரிகையைச் சுற்றினான். துரோ எதிரே வந்து உட்கார்ந்து, திரிகைப் பிடியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

“உன் நெற்றியில் இருப்பது நான் எறிந்த கல் பட்ட காயம்” என்றான்.

“தெரியும். முதல் கல் தொடவே இல்லை. உனக்கு யாரடா குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது?”

துரோ சிரித்தான். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த மாதம் முழுக்க, தனக்குக் கோதுமை இருந்தும், அவர்களோடு உட்கார்ந்து அந்த வாற்கோதுமை ரொட்டியையே தின்றான்.

பிறகு பாலைவனத்துப் பாதையில் மிளகு பத்திரமாகப் போனது, கிணற்றில் தண்ணீர் வற்றாமல் ஊறியது. அவர்களும் சண்டையும் சமாதானமுமாக நெடுங்காலம் வாழ்ந்தார்கள். கதை கேட்ட வீட்டிலும் ரொட்டியும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.