முதல் கவளம் அமைச்சருக்கே

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். காலையில் எழுந்ததும் அவருக்கு ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும். அது தீரும்வரை ஊரில் ஒருவரும் நிம்மதியாக மோர்கூடக் குடிக்க முடியாது. அன்றைக்கு வந்த ஆசை, உப்பளக்காரர்கள் அரண்மனையின் யோசனையை நம்ப வேண்டும் என்பது.

உப்பளச் சபைக்கு ஒரு பொது நிதி உண்டு. மழைக்காலத்தில் உப்பு விளையாது; அந்த மாதங்களில் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த நிதியால்தான். அதை அப்படியே ஒரு மிளகுக் கப்பலில் முதலீடாகப் போடச் சொன்னார் நிதியமைச்சர் மகிபாலர். சபைத் தலைவி மாடத்தி மசியவில்லை.

"சமையற்கட்டுச் சோற்றை நாம் எப்படி நம்பி உண்கிறோமோ, அப்படியே அவர்களும் நம் யோசனையை நம்ப வேண்டும்!" என்றார் ராஜா.

மகிபாலருக்கு விகடகவி ஆண்டியப்பனைக் கண்டாலே ஆகாது. "அரசே, அதற்கு ஆண்டியப்பனே தகுந்தவர். தவறினால் குடுமியை எடுத்துவிடலாம்" என்றார் பணிவாக.

ஆண்டியப்பன் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். குடுமி போனால் மனைவி வீட்டுக்குள் விடமாட்டாள். ஆனால் கப்பல் கரை சேராவிட்டால் உப்பளத்துப் பிள்ளைகள் பட்டினி கிடக்குமே! அதை நினைத்தபோதுதான் அவனுக்கு நிஜமாகவே துக்கம் வந்தது.

மறுநாள் அரண்மனை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அதில் நகைப்பெட்டி, வெள்ளிக் கூஜா, பட்டுப்புடவைகள், ஒரு தங்க மூக்குப்பொடி டப்பி.

"ஐயோ, அது என் டப்பி!" என்று அலறினார் மகிபாலர்.

"அரசே," என்றான் ஆண்டியப்பன், "சமையற்காரர் முதல் கவளத்தைத் தின்று, சாகாமல் நின்ற பிறகுதானே தாங்கள் சோற்றில் கை வைக்கிறீர்கள்? 'அப்படியே' என்பது தங்கள் ஆணை. இந்த யோசனையைச் சமைத்தவர் அமைச்சர். முதல் கவளம் அவருடையது; அதனால்தான் தங்கள் ஆணையைச் சொல்லி அவர் வீட்டுச் சொத்தை ஏற்றி வந்தேன். கப்பலில் ஏற்றிவிடலாமா?"

மகிபாலர் வண்டியை மறித்துக்கொண்டு நின்றார். "அரசே, கடல் சீற்றமாக இருக்கிறது... அந்தக் கப்பலில் அடிப்பலகை சற்று... எல்லாவற்றையும் ஒரே கப்பலிலா ஏற்றுவது?"

"அந்தப் பலகையப் பத்தி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே சாமி?" என்றாள் வண்டியோடு வந்திருந்த மாடத்தி.

"ஆணை ஆணைதான்! ஏற்றுங்கள்!" என்றார் ராஜா.

அவ்வளவுதான், அமைச்சருக்கு அதுவரை வராத புத்தியெல்லாம் வந்தது. பாதியை நெல் வயலில் போடலாம், கொஞ்சத்தைக் கையிருப்பாக வைக்கலாம், மீதியை மட்டும் நல்ல கப்பலாகப் பார்த்து ஏற்றலாம் என்று கெஞ்சினார். ராஜா சம்மதித்ததும் அன்றே துறைமுகத்துக்கு ஓடி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கப்பலின் பலகையையும் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

பின்னாலேயே வந்து பார்த்த மாடத்தி, "இவரு பணத்தோட எங்க பணத்தையும் சேத்துக்கோங்க. இப்ப நம்பிக்கை வந்திருச்சு" என்றாள்.

இதைக் கேள்விப்பட்ட ராஜா கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். ஒரு பொற்கிழியை ஆண்டியப்பனிடம் நீட்டி, "இதை யாரிடம் கொடுத்து வைப்பாய்?" என்று கேட்டார்.

"அமைச்சரிடம்தான், அரசே. அவருடைய மூக்குப்பொடி டப்பியும் கூடவே இருக்கும்வரை, இந்த நாட்டில் அவரைவிட நாணயமானவர் கிடையாது!"