டயர்ல நின்ன முடி

டயர் மாத்துற இசக்கிக்கு அன்னைக்கு ஏகப்பட்ட மரியாதை. விமானக் கம்பெனி டைரக்டர் சோமநாதனே பேனாவைத் திறந்து குடுத்தாரு.

"டயர் பதிவேட்டுல போடு கையெழுத்து. எங்க புது போர் விமானம் இருநூறு தடவை ஏறி இறங்கிருச்சு, ஒரு கோளாறும் இல்ல. நீ போட்டாத்தான் கவர்மெண்டு பணம் விடும். போடலைன்னா நாளைக்கு உனக்கு வேலை கிடையாது."

சோதனையைப் பாக்க டெல்லிலேருந்து வந்த அதிகாரி முந்திரியை மென்னுக்கிட்டே, "போடுப்பா, எனக்கு நேரமாச்சு"ன்னாரு.

இசக்கி போயி டயரைத் தடவிப் பாத்தான். கன்னத்துல போட்டுக்கிட்டான்.

"என்னடா பண்ற?"

"இது சாமி விமானம் சார்! புது டயர்ல குட்டிக்குட்டியா ரப்பர் முடி நிக்கும். நாலு தடவை இறங்குனாலே தேஞ்சிரும். இதுல ஒண்ணுகூட உதிரல. இருநூறு தடவையும் தரையைத் தொடாமலே இறங்கியிருக்கு!"

சுத்தி நின்ன மெக்கானிக்குங்க சிரிச்சுட்டாங்க.

"அது... நேத்துதான் டயர் மாத்துனோம்"னாரு டைரக்டர்.

"டயர் மாத்துறவன் நானு, எனக்குத் தெரியாமலா? பழசைக் குடுத்தாத்தானே ஸ்டோர்ல புதுசு தருவாங்க. பழசு எங்க சார்?"

அத்தனை பேரு முன்னாடி அதிகாரிக்கு வேற வழியில்ல. பணத்தை நிறுத்துனாரு.

மூணே வாரம். அதே அதிகாரி மறுபடி பாக்க வர்றதா தேதி குடுத்தாரு. முந்தின நாள் டைரக்டர் இசக்கி கையில ஒரு பிளேடை வச்சாரு. "அந்த முடியையெல்லாம் செரைச்சிரு. நாளைக்கே விமானம் பைலட்டு கைக்குப் போகணும்."

இசக்கி பிளேடைத் திருப்பித் திருப்பிப் பாத்தான்.

"செரைச்சிரலாம் சார். அந்த பைலட்டுக்கு ஆறு வயசுல ஒரு பையன் இருக்கான். அவன் தலையையும் நானே செரைக்கணுமா?"